சிப்புக்கு வைத்த பொட்டு

இதை எழுதலாமா, வேண்டாமா என்று பல வருஷமாக யோசித்துக்கொண்டே இருந்தேன். பேனாவை எடுப்பேன். நாலு வரி எழுதுவேன். சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்கும்... தாளை மடித்து வைத்துவிட்டு, பஸ்ஸில் பார்த்ததையோ கோயிலில் கேட்டதையோ எழுதி அனுப்பிவிடுவேன். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்கு அது தெரிய நியாயமில்லை.

தயக்கத்துக்குக் காரணம் உண்டு. சம்பவம் என் வீட்டில் நடந்தது என்றாலும், அது என்னுடையது இல்லை. என் வீட்டுக்காரி மரகதத்துடையது.

போன வாரம் என் கணினிக்குப் புது பிராசஸர் போட ஒரு டெக்னீஷியனை வரச் சொல்லியிருந்தேன். செங்காங்கிலிருந்து, குவீன்ஸ்டவுனில் இருக்கும் எங்கள் வீடு வரை வந்தார். நாற்பது வயதிருக்கும், நிதானமான மனிதர். பழையதைக் கழற்றினார். புதியதைப் பொருத்தினார். பிறகு ஒரு சின்ன ஊசிக்குழாயை எடுத்து, பிராசஸரின் நடு நெற்றியில் வெள்ளையாக எதையோ பிதுக்கி வைத்தார்.

சோபாவில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மரகதம் அதைப் பார்த்தாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் கீரையைத் தள்ளி வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"என்னம்மா?" என்றார் அவர், தப்பாக ஏதோ செய்துவிட்டவர் மாதிரி.

"ஒண்ணுமில்ல தம்பி. சந்தனம் வைக்கிறீங்களேன்னு பாத்தேன்."

"இது தெர்மல் பேஸ்ட்மா. சூடு ஏறாம இருக்க வைக்கிறது."

"அப்படியா? நாங்க வச்ச சந்தனத்துல சூடு ஏறிடுச்சு தம்பி."

அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அவர் போன பிறகு மரகதமே சொன்னாள்: "அதை எழுதிடுங்களேன்."

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. எழுதுங்க. உள்ளதை உள்ளபடி எழுதுங்க."

உத்தரவு வந்துவிட்டது. இனி தயக்கம் எதற்கு?

அது எண்பதுகளின் பிற்பகுதி. நான் கப்பல் பட்டறையில் ஸ்டோர்கீப்பர். படிப்பு செகண்டரி டூ, அதாவது எட்டாம் வகுப்போடு நின்றவன். பக்கத்து அலுவலகத்தில் பழைய கணினி ஒன்றைக் கழித்துப் போட்டார்கள். எக்ஸ்.டி. என்று சொல்வார்களே, அந்த வகை. பச்சை எழுத்துத் திரை. இரும்புப் பெட்டி. தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். டாக்சி பிடித்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அம்மன் கொடுத்தது என்றுதான் நினைத்தேன். எனக்கு எது வந்தாலும் சிராங்கூன் ரோட்டு அம்மனிடம்தான் முதலில் சொல்வேன்... இதையும் சொன்னேன்.

ஆசை அதோடு நின்றதா? கணினி வாங்கியவனுக்கு அடுத்து வருவது வேக ஆசை. இன்று உங்கள் கைபேசிக்குள் இருக்கும் வேகத்தோடு ஒப்பிட்டால் அது மாட்டுவண்டிகூட இல்லை. ஆனால் அந்த மாட்டுவண்டியை எப்படியாவது கொஞ்சம் வேகமாய் ஓட்டிவிட வேண்டும் என்று ஊரில் ஒரு கூட்டமே அலைந்துகொண்டிருந்தது!

எங்கள் கூட்டம் கூடுவது டன்லப் ஸ்திரீட்டில், காசிம் பாய் கடையின் பின்னறையில். கைக்கடிகாரமும் ரேடியோவும் விற்கிற கடை. பாய்க்குப் பூர்வீகம் நாகூர் பக்கம். பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். சனிக்கிழமை பிற்பகல் ஆனால் நான் போய்விடுவேன். சுங்கை ரோட்டில் டிவி ரிப்பேர் செய்யும் ஆ செங் வந்துவிடுவார். அவரும் நாங்களும் பேசிக்கொள்வது சந்தை மலாயில், நடுநடுவே ஆங்கிலம். இங்கே நான் தமிழில் எழுதுகிறேன். அவர் பேச்சின் முடிவில் வரும் 'லா'வை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறேன், அது இல்லாவிட்டால் ஆ செங் இல்லை.

ஒருமுறை கிரிஸ்டலை மாற்றினோம். சின்னத் தகரப் பெட்டி மாதிரி இருக்கும். கணினிக்கு அதுதான் நாடித்துடிப்பு. அதைக் கழற்றி, வேகமாய்த் துடிக்கிற வேறொன்றை ஆ செங் பற்றவைத்தார். கணக்குப் போடும் புரோகிராம் ஒன்றை ஓட்டி, கணினியின் கடிகாரத்திலேயே நேரம் பார்த்தோம். முன்பு எவ்வளவோ, இப்போதும் அவ்வளவே. மறுபடி ஓட்டினோம். அதே நேரம். மூன்று பேரும் முகம் தொங்கி உட்கார்ந்திருந்தோம்.

பாய்தான் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

"யோவ், உங்க கம்ப்யூட்டர்ல மணி என்ன ஓடுது பாருங்க. அதுவும் சேர்ந்துல்ல ஓடுது."

கிரிஸ்டல் வேகமானதும் கடிகாரமும் வேகமாகிவிட்டது! ஓடுகிறவனும் வேகம், நேரம் பார்க்கிறவனும் வேகம். பிறகு எப்படி வித்தியாசம் தெரியும்?

"இந்தக் கடிகாரத்தை நம்பித் தொழுகைக்குக் கெளம்பிடாதீங்க பாய்" என்றேன்.

"நான் எதுக்குக் கெளம்புறேன்? நீங்கதான் இதைப் பார்த்து வேலையை விட்டு சீக்கிரம் கெளம்புவீங்க."

அப்படிச் சிரித்த சனிக்கிழமைகள் எத்தனையோ. இன்று நினைத்தாலும் அந்தப் பின்னறையின் ஈய வாசனையும் எதிர்க்கடை கோப்பி வாசனையும் சேர்ந்தே வருகின்றன.

அப்புறம்தான் அந்த ஜப்பான் சிப்பைப் பற்றி ஆ செங் சொன்னார். பழைய பிராசஸர் இருக்கும் அதே குழியில் அப்படியே உட்காருமாம். வேறு எதையும் தொட வேண்டாம். வேகம் கூடிவிடும். ஜாலான் புசார் பக்கம் அலைந்து ஒன்று வாங்கிவிட்டேன். கறுப்பாய், நீளமாய், பூரான் மாதிரி இரண்டு பக்கமும் கால் வைத்த சிப். சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டிலேயே மாட்டுவது என்று முடிவானது.

அன்று காலை நான் மரகதத்திடம் சொன்னேன்: "புதுப் பொருள் வந்திருக்கு. சாமிகிட்ட வச்சு ஒரு பொட்டு வச்சுக் கொடேன்."

அவள் தயங்கினாள். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் நான் எழுபதுகளுக்குப் போக வேண்டும்.

எங்களுக்குக் கல்யாணமான புதிது. என் பெரியப்பா மகன் பஃபலோ ரோட்டில் மளிகைக் கடை திறந்தார். புது மருமகள் வந்து விளக்கேற்றட்டும் என்று மரகதத்தைக் கூப்பிட்டார்கள். ஏற்றினாள். அடுத்த வருஷம் அந்த வரிசையையே இடிக்கப் போவதாக நோட்டீஸ் வந்துவிட்டது. வரிசையில் இருந்த எல்லாக் கடைக்கும்தான். சீனர் கடை, சிந்தி கடை, எல்லாமே. ஆனால் பெரியம்மா ஒரு விசேஷத்தில், எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "யாரு கையால விளக்கேத்தணும்னு பாத்துச் செஞ்சிருக்கணும். எல்லாருக்கும் கைராசி இருக்குமா?"

கைராசி. ஒரே ஒரு சொல். அதற்குப் பிறகு மரகதம் வெளியார் வீட்டு விசேஷத்தில் விளக்கைத் தொட்டதில்லை. வளைகாப்புக்குப் போவாள், கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வருவாள். குங்குமச் சிமிழ் தன் பக்கம் வந்தால் அடுத்தவளிடம் தள்ளிவிடுவாள். எங்கள் வீட்டுப் பொருளுக்குக்கூடப் பொட்டு வைப்பது நான்தான்.

அன்று மட்டும் ஏன் கேட்டேன்? தெரியாது. அம்மன் கேட்க வைத்தாள் என்றுதான் நினைக்கிறேன். அவளும் கொஞ்ச நேரம் சிப்பைப் பார்த்துக்கொண்டே நின்றவள், போய்க் கை கால் கழுவிக்கொண்டு வந்தாள். எழுத்து நேராகத் தெரியும்படி அதை ஒரு தட்டில் வைத்தாள். சந்தனத்தை லேசாகப் பூசினாள். எழுத்தின் வலப்பக்கம் ஓரமாக, அழகாக ஒரு குங்குமப் பொட்டு. நல்லது எதுவும் வலப்பக்கம்தானே?

சாயங்காலம் ஆ செங் முதலில் வந்துவிட்டார். காசிம் பாய், எங்கள் அடுக்குமாடி புளோக் பிடிபடவில்லை என்று கீழே பொதுத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டார். அவரை அழைத்துவர நான் இறங்கிப் போனேன். திரும்பி வந்தபோது ஆ செங் பழைய சிப்பைப் பிடுங்கி, புதியதை மாட்டி முடித்திருந்தார். மரகதம் வடைத் தட்டோடு பக்கத்தில் நின்றிருந்தாள்.

"முடிஞ்சது லா. சுவிட்ச் போடுங்க."

போட்டேன். வழக்கமாக வரும் 'பீப்' சத்தம் வரவில்லை. திரை இருட்டு. ஆ செங் சிப்பின் மேல் விரலை வைத்தார்... வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். ஒரு கருகல் வாசனை. நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

ஆறிய பிறகு அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். பார்த்ததுமே மூவருக்கும் விளங்கிவிட்டது. சிப்பின் ஒரு ஓரத்தில் அரைவட்டமாய் ஒரு சின்ன வெட்டு இருக்கும். ஒன்றாம் கால் அந்தப் பக்கம் என்று அடையாளம். எழுத்து நேராக இருந்தால் அது இடப்பக்கம் வரும். அந்த வெட்டில் சந்தனம் போய் அடைத்துக் காய்ந்திருந்தது. மறு ஓரத்தில் பளிச்சென்று சிவப்புப் பொட்டு. கடைக்காரர்கள் சோதித்துப் பார்த்த சிப்பில் ஒன்றாம் காலருகே பெயிண்டால் புள்ளி வைப்பதுண்டு. ஆ செங் இதையும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். தலைகீழாய் மாட்டிவிட்டார். மின்சாரம் போக வேண்டிய காலில் போகாமல் எதிர்க்காலில் போய்... முடிந்தது கதை.

மூன்று பேரும் பொட்டைப் பார்த்தோம். பிறகு, பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே, மரகதத்தைப் பார்த்தோம்.

ஆ செங் வாயைத் திறந்தார். காசிம் பாய் அவர் காலை மிதித்தார்.

"சிப்பே கோளாறு, தங்கச்சி" என்றார் பாய். "கடைக்காரன் ஏமாத்திட்டான். வடை குடுங்க, சாப்பிடுவோம்."

எவ்வளவு நல்ல மனசோடு சொன்னார். நானும் தலையாட்டினேன். மரகதம் வடையைக் கொடுத்தாள். ஆனால் நாங்கள் பொட்டைப் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

ராத்திரி சாமி விளக்கைக் குளிர்விக்கும்போது மெதுவாய்ச் சொன்னாள்: "நான் வேணாம்னு இருந்தவதான். நீங்கதான் கேட்டீங்க."

"அது சிப்போட கோளாறு மரகதம்."

"ஆமா. கடை இடிச்சதும் கவர்மெண்ட்டோட திட்டம்தான்."

அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டு விளக்கைக்கூட என்னை ஏற்றச் சொன்னாள். கேட்டால், கை ஈரம் என்பாள், அடுப்பில் வேலை என்பாள். அந்தச் சமயம் பார்த்துத்தான் எங்கள் தளத்தில் குடியிருந்த லட்சுமி அக்கா வந்தார். மகள் விமலாவுக்குக் கல்யாணம். அக்காவுக்கு இங்கே சொந்தம் அதிகமில்லை. விமலா குழந்தையாயிருந்தபோது, அக்கா ஃபாக்டரி ஷிஃப்ட்டுக்குப் போனால் பார்த்துக்கொண்டவள் மரகதம்.

"நலங்கு நீதான் மொதல்ல வைக்கணும் மரகதம். விமலாவும் அதைத்தான் சொல்லுது."

"அன்னிக்கு எனக்கு முடியுமான்னு தெரியலக்கா."

"ஏன், என்ன வேலை?"

"உடம்பு ஒரு மாதிரியா இருக்கு. வேற யாராச்சும் நல்லவங்களா பாத்து வைக்கச் சொல்லுங்க."

லட்சுமி அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. மறுபடி கேட்காமல் போய்விட்டார். கதவைச் சாத்திவிட்டு மரகதம் அங்கேயே நின்றாள். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அம்மா தாயே, இவளுக்கு ஒரு வழி காட்டு என்று கேட்டுக்கொண்டேன். நமக்குத் தெரிந்த வழி அதுதானே?

வழி ஆ செங் ரூபத்தில் வந்தது. அடுத்த சனிக்கிழமை, அதே மாதிரி வேறொரு சிப்பைத் தேடிப் பிடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கூடவே காசிம் பாய். ஆ செங் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, சமையலறைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் மரகதத்தைக் கூப்பிடுவது 'கக்கா' என்று. மலாயில் அக்கா.

"கக்கா, வாங்க. இதுக்கும் உங்க சாமி புள்ளி வைங்க."

மரகதம் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"வேணாம் ஆ செங். என் கை நல்லாருக்காது. அன்னிக்கே பார்த்தீங்கல்ல? நான் வச்சுத்தான் எரிஞ்சுபோச்சு. கடைக்கு விளக்கு ஏத்தினேன், கடை போச்சு. சில பேர் கை அப்படி."

ஆ செங் என்னைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். பாய் மறுபடி கால் மிதிக்கப் பார்த்தார். ஆ செங் காலை இழுத்துக்கொண்டார்.

"என்ன கை? கையில என்ன இருக்கு? எரிச்சது நான் லா. உங்க சிவப்புப் புள்ளியைப் பார்த்து அதுதான் ஒண்ணாம் காலுன்னு நெனச்சேன். நீங்க வச்சது அந்தப் பக்கம். அடையாளம் இந்தப் பக்கம்." பிறகு ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார், அதை மட்டும் அவர் மலாயிலேயே தருகிறேன்: "தாங்ஙான் தா சாலா, கக்கா. தெம்பாட் சாலா."

கையில் தப்பில்லை அக்கா. இடம்தான் தப்பு.

எதை மறைக்க நாங்கள் பாடுபட்டோமோ அதைப் போட்டு உடைத்துவிட்டார். இனி அழுவாளா? உள்ளே போய்விடுவாளா?

மரகதம் கிட்டே வந்தாள். "எந்தப் பக்கம்? காட்டுங்க."

ஆ செங் டார்ச் அடித்து அந்தச் சின்ன வெட்டைக் காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள்.

"அன்னிக்கு நான் இந்தப் பக்கம் வச்சிருந்தா?"

"ஓடியிருக்கும் லா."

"சந்தனம் வச்சதாலே எரியல?"

"சந்தனம் என்ன செய்யும்? மேல வாசனையா இருக்கும்."

அவள் நிமிர்ந்தாள். அழவில்லை. எங்கள் இருவர் பக்கமும் திரும்பினாள். அந்தக் கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இதை ஏன் அன்னிக்கே சொல்லல?"

"உங்க மனசு நோகுமேன்னுதான் தங்கச்சி..." என்றார் பாய்.

"தப்புப் பண்ணிட்டேன்னு சொன்னா திருத்திக்குவேன் பாய் அண்ணே. ராசியில்லன்னு நெனச்சுக்கிட்டா எதைத் திருத்துறது?"

பாய் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, "அது சரிதாம்மா" என்றார் கடைசியில்.

மரகதம் உள்ளே போனாள். குழாய்ச் சத்தம் கேட்டது. கை கால் கழுவிக்கொண்டு, சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழுமாக வந்தாள். தீக்குச்சி முனையால் தொட்டு, அந்த வெட்டை அடைக்காமல், அதற்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தாள்.

"சரியா?"

"சரி லா. இப்ப எனக்குக் கண்ணாடியே வேணாம்."

மாட்டினார். சுவிட்சைப் போட மரகதத்தையே சொன்னார். போட்டாள். 'பீப்' என்றது. பச்சை எழுத்துகள் ஓடி வந்தன. வேகம் எவ்வளவு கூடியது என்று அன்று நாங்கள் பார்க்கவில்லை, பார்க்கத் தோன்றவில்லை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு லட்சுமி அக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

விமலாவின் நலங்குக்கு முதல் ஆளாய் உட்கார்ந்தவள் மரகதம்தான். ஆண்கள் நாங்கள் வராந்தாவில் நின்றோம். சன்னல் வழியாகப் பார்த்தேன். சந்தனத்தை எடுத்த கை ஒரு கணம் நின்றது. உள்ளே என்ன சொன்னாளோ, விமலா குலுங்கிச் சிரித்தாள். அப்புறம் கன்னத்தில் சந்தனம், நெற்றியில் குங்குமம்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "எந்தப் பக்கம் மொதல்ல வைக்கணும்னு கேட்டேன்" என்றாள். "கேட்டுக்கிட்டா நல்லதுதானே?"

விமலா குடும்பம் எல்லாக் குடும்பத்தையும் போல, மேடும் பள்ளமுமாய்த்தான் போனது. அதில் எதற்கும் இவள் கையை யாரும் காரணம் சொன்னதில்லை. இவளும் நினைத்ததில்லை. சாமி எல்லாப் பொருளிலும் இருக்கிறாள் என்று நம்புகிறவன் நான். ஆனால் ஒன்றாம் காலை எந்தப் பக்கம் வைப்பது என்கிற வேலையை அவள் நம்மிடம்தான் விட்டிருக்கிறாள்.

இந்தச் சம்பவம் அப்போதே ஜாலான் புசார் கடைகளுக்குப் போய்விட்டது. ஒரு இந்தியப் பெண் பொட்டு வைத்துக் கணினியையே கொளுத்தினாள் என்று சிலர் சொன்னார்கள். அவள் பொட்டு வைத்ததால் வேகம் இரட்டிப்பாகிவிட்டது என்று கோயிலில் சிலர் சொன்னார்கள். முதலாவது கேலி. இரண்டாவது பக்தி. இரண்டும் நடக்காதது.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், தாராளமாய்ச் சொல்லுங்கள். ஆனால் எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். 'மரகதம் பொட்டைத் தப்பான பக்கத்தில் வைத்துவிட்டாள்' என்ற வரி வரும்போது, பாவம் என்று இரக்கப்பட்டு அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அந்த வரி போனால், பழி மறுபடி அவள் கைக்குப் போய்விடும்.